விலகி நின்ற சுண்டுவிரல்

அருங்காட்சியகத்தில் அவளுக்குச் சுண்டுவிரல் மேடம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. அதற்காக அவளுக்குத் தெரியாமலும் இல்லை. உள்ளூர அதில் ஒரு பெருமைகூட உண்டு. வீட்டில் அவள் சின்னவள். அக்கா பெரியவள். எழுபதைத் தொட்ட பிறகும் அந்த வீட்டில் சின்னவள் சின்னவள்தான்.

கையெழுத்து இல்லாத பழைய ஓவியத்தை யார் வரைந்திருப்பார் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள். வரையச் சொன்னவனின் முகத்தை எந்த ஓவியனும் கவனமாகத்தான் வரைவான். நகம், காது மடல், விரல் மடங்கும் இடம் என்று கை போன போக்கில் வரைகிற இடங்களில்தான் ஒருவனுடைய பழக்கம் மாட்டிக்கொள்ளும் என்பது அவள் கட்சி. அப்படித்தான் இளம் வயதில் அருங்காட்சியகத்தின் நடைவழியில் கேட்பாரற்றுத் தொங்கிய உருவப்படங்களில் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தாள். மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டதுபோல விலகி நின்றது. கணுவும் ஒன்று குறைவாகத் தெரிந்தது. ஒன்றில் இருந்தால் தற்செயல். பதினோரு படங்களில் அதே விரல். கைகளை மட்டும் படம் எடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்தாள். பெயர் தெரியாத அந்த ஆளுக்குச் சுண்டுவிரல் ஓவியர் என்று பெயர் வைத்தாள். புத்தகம் வந்தது. கல்லூரியில் விரிவுரையாளர் ஆனாள், பிறகு துறைத் தலைவி ஆனாள். நடைவழியில் தூசு தின்ற படங்களுக்குத் தனி அறையே கிடைத்தது.

மேசை முழுக்கக் கைகளாக இருந்ததால் பெரியவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. சின்னவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த மாதத்தில்தான் அப்பா குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. அப்போது பெரியவள் கல்லூரியில் கடைசி வருடம்.

"நீ போடி. அப்பாவ நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் உக்காந்து மொகத்தையா பாத்துக்கப் போறோம்?" என்றாள்.

அப்பா இருபது வருடம் படுக்கையில் கிடந்தார். புரட்டிப் போடுவது, துடைப்பது, கரண்டியால் ஊட்டுவது, துணி மாற்றுவது என்று பெரியவளின் இளமை அந்த ஓர் அறைக்குள்ளேயே கரைந்தது. பெண் கேட்டு வந்தவர்களை அப்புறம் பார்க்கலாம் என்றாள். பிறகு யாரும் வரவில்லை. தியாகம், கியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் தங்கச்சி ஒரு ஓவியரையே கண்டுபிடிச்சிருக்கா, தெரியுமா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். பால்காரரிடம் சொல்வாள், தையல்காரியிடம் சொல்வாள். மருந்துக்கடைக்காரர் அவள் தலையைக் கண்டதுமே, "ஓவியர் நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டபடி மாத்திரையை எடுத்து வைப்பார்.

இத்தனைக்கும் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. முதலில் அப்பாவை விட்டு நகர முடியவில்லை. பிறகு முழங்கால் விடவில்லை. "அதெங்க ஓடிடப் போவுது?" என்பாள். இந்த வருடம் வயிற்றில் கட்டி என்று தெரிந்து, டாக்டர் சின்னவளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசிய பிறகு, அவளே கேட்டாள். "அந்தப் படத்த ஒரு தடவ காட்டிடேன்."

அதே வாரத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து போன் வந்தது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் பெண் பேசினாள். எந்நேரமும் கையில் பஞ்சோடு இருப்பதால் அவளுக்குப் பஞ்சம்மா என்று பெயர்.

"மேடம், ஒரு தடவ வர முடியுமா? போன்ல சொல்ற விஷயம் இல்ல."

வேலை அறையில் ஒரு வணிகரின் படம் மேசைமேல் மல்லாந்து கிடந்தது. பழுப்பேறிய வார்னிஷைப் பாதி எடுத்திருந்தாள். கோபித்துக்கொண்ட சுண்டுவிரலைக் காணவில்லை. அந்த இடத்தில் சாதாரணமான ஒரு விரல் மற்ற விரல்களோடு சேர்ந்து படுத்திருந்தது.

"வார்னிஷோட சேந்து அதுவும் பஞ்சுல வந்துடுச்சு மேடம். மூணு படத்துல பாத்துட்டேன். மூணுலயும் அப்படித்தான். அதோட நிறுத்திட்டேன்." பஞ்சம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "ரொம்ப காலம் முன்னாடி பழைய கிடங்குல ஒரு சுவர் முழுக்க ஈரம் ஏறியிருக்கு. அந்தச் சுவர்ல சாச்சு வச்ச படமெல்லாம் அடிப்பக்கம் மங்கிப்போயிருக்கு..."

மீதியை அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. உருவப்படத்தில் கைகள் இருப்பது அடிப்பக்கத்தில்தானே? பழுது பார்க்க வந்த எவனோ ஒருவன் அத்தனை கைகளையும் தனக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் பூசிவிட்டுப் போயிருக்கிறான். சின்னவள் ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்தது ஓர் ஓவியனின் படங்களை அல்ல. ஒரே சுவரோரம் நனைந்த படங்களை. கீழே இருந்தவை நல்ல ஓவியங்கள்தான், ஆனால் ஆளுக்கொரு கை. முகத்தைப் பார்த்திருந்தால் முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரிந்திருக்கும். சின்னவள்தான் முகத்தைப் பார்க்கமாட்டாளே.

"மிச்சத்த இப்படியே விட்டுடலாம் மேடம். பழைய ரிப்பேரும் சரித்திரம்தான்னு சொல்லிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"தொடைச்சிடும்மா. நான் எழுதிடறேன்," என்றாள் சின்னவள். குரல் நடுங்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "ஒண்ண மட்டும் கொஞ்ச நாள் அப்படியே வை. எங்க அக்கா பாக்கணும்."

காட்டிவிட்டு வாயைத் திறக்காமல் கூட்டி வந்துவிடுவது என்பது திட்டம். வண்டியில் போகும்போது அதைத்தான் மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனாள். அக்காவுக்கு இருப்பதோ கொஞ்ச நாள். அதற்குள் இது தெரிந்து என்ன ஆகப் போகிறது?

சக்கர நாற்காலியைப் படத்துக்கு எதிரே நிறுத்தினாள். வணிகர் வீட்டுப் பெண்ணொருத்தி மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பெரியவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா?"

"இதான்க்கா."

பெரியவள் தன் கையை மடிமேல் வைத்து, சுண்டுவிரலை அதேபோல விலக்கி வைத்துப் பார்த்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டாள். "நெஜமாவே அவர் இப்படித்தான் வரைவாரா?"

ஆமாக்கா என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் ஓவியத்தைப் பற்றித் தப்பான ஒன்றைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஈரம், கிடங்கு, ரிப்பேர், வார்னிஷ் என்று வகுப்பில் பாடம் எடுப்பதுபோல வரிசையாக, தெளிவாகச் சொல்லி முடித்தாள். உண்மை பேசுவது நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

பெரியவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப அப்படி ஒரு ஆளே கெடையாதா?"

"இல்லக்கா."

"அப்ப நான் எதுக்குடி..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். விரலை மடக்கிக்கொண்டாள். "இங்க ஜில்லுனு இருக்கு. வீட்டுக்குப் போலாம்."

அதன்பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சில்லை. கோபமும் இல்லை. வலியைப் பற்றி, கஞ்சியில் உப்பு குறைவதைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றியெல்லாம் பெரியவள் பேசினாள். ஒருநாள் ஊசி போட வந்த நர்ஸ் பேச்சுக்கு, "உங்க தங்கச்சி என்ன வேலை பாத்தாங்கம்மா?" என்று கேட்டாள். அடுத்த அறையில் சின்னவள் அசையாமல் நின்றாள்.

"ஏதோ காலேஜ்ல இருந்தா," என்றாள் பெரியவள்.

சில வாரங்களில் பெரியவள் போய்விட்டாள். சின்னவள் எழுதிய மறுப்புக் கட்டுரை அந்த மாதமே வெளிவந்தது. தன் புத்தகத்தைத் தானே பத்தி பத்தியாகப் பிரித்துப் போட்டிருந்தாள். இப்படி ஒரு நேர்மையா என்று துறையே மூக்கில் விரல் வைத்தது. இளையவர்கள் போன் செய்து பாராட்டினார்கள். பாராட்டுவது அவர்களுக்கென்ன, சுலபம். பஞ்சம்மா மட்டும் நேரில் துக்கம் கேட்க வந்தாள். சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"வேற யாரா இருந்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க மேடம். ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

சின்னவள் வெறும் மேசையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எழுதினது கஷ்டமா இல்லம்மா. அக்காகிட்ட சொன்னப்பவும் கஷ்டமா இல்ல," என்றாள். "அதத்தான் தாங்க முடியல."