போக இரண்டு மணி, வரப் பதினான்கு மணி

என் அத்தை நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. முதல் நாள் ஸ்டியரிங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு பேர் இறங்கிவிட்டார்களாம். வேறு யாராவது இறங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாளாம். மாமா போன பிறகு ஒற்றை ஆளாக மகளை ஆளாக்கியதும் அப்படித்தான்.

அந்த மகளுக்கு இப்போது நிறைமாதம். இருப்பதோ கடல் தாண்டி வேறொரு நகரத்தில். பிரசவத்துக்குக் கூட இருந்தே தீருவதென்று அத்தை விடுப்பு எழுதிக் கொடுத்தாள், டிக்கெட்டும் எடுத்தாள். அப்புறம்தான் என் அப்பாவிடம் சொன்னாள். அப்பா அவளுக்கு அண்ணன். தங்கை எங்கே போவதானாலும் தான் தலையாட்ட வேண்டும் என்று இன்னமும் நம்புகிறவர்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிக்கெட்டைப் படித்தார். காலை ஒன்பதுக்குக் கிளம்பிப் பதினொன்றுக்கு இறங்குகிறது. இரண்டு மணி நேரம்தானே, தாராளமாகப் போய் வா என்றார். திரும்பி வரும் டிக்கெட்டில் முகம் மாறியது. மதியம் ஒன்றுக்குக் கிளம்பினால் மறுநாள் விடியற்காலை மூன்று. வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றுகிற விமானம் போலிருக்கிறது, வரும்போது வேறு கம்பெனியில் வா என்றார்.

பல ஊர் சுற்றிவிட்டு வந்திருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அங்கே கடிகாரம் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது, போகவும் எட்டு மணி, வரவும் எட்டு மணி, நடுவில் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று விளக்கினேன். அவ்வளவுதான். தந்த சம்மதத்தை அப்பா அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார். முட்டிவலிக்காரி, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் எப்படி உட்காருவாள் என்றார்.

"தினமும் எட்டு மணி நேரம் நான் எங்க உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்கண்ணா? இதுலயாவது ஓட்டுறதுக்கு வேற ஆள் இருக்கு."

"அத்தனை தூரம், அதுவும் தனியா?"

"அந்தத் தூரத்தை என் பஸ் ரெண்டு மாசத்துல ஓடிடுது. அதுவும் ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னு நின்னு."

அடுத்த மாதம் தானும் கூட வருவதாகவும் அதுவரை பொறுக்கும்படியும் அப்பா இறங்கி வந்தார். அத்தை டிக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அடுத்த மாசம் வரைக்கும் வயித்துல இருக்கச் சொல்லி நீங்களே குழந்தைக்கு போன் போடுங்க. நான் உங்ககிட்ட கேக்க வரலண்ணா. சொல்ல வந்தேன்."

போனாள். அவள் போய் இறங்கிய அன்று, மனசு கேட்காமல் அப்பாவே போன் செய்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது என்று அத்தை ஒளிக்காமல் சொன்னாள். தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்று அவர் ஆரம்பித்தார்.

"வீங்கின காலோடதான் இவ கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இவளுக்கு வலி எடுத்தாச்சு, வண்டி வாசல்ல நிக்குது. வைங்கண்ணா."