நுனி வெட்டிய கையுறைகள்

மேடவாக்கம் வீட்டில் இப்போது தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். போட்ட ஊசியைக் குப்பையில் எறிய மாட்டேன். காலி பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே 'ஊசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைப்பேன். "மியூசியம் வைக்கப் போறீங்களா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். செய்யட்டும்.

அந்த பாட்டிலைப் பார்த்தாலே இரும்புலியூர்ப் பக்கம் இருந்த குப்பை பிரிக்கும் ஷெட் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. புளித்த சாம்பாரும் ஈரத் துணியும் கலந்த அதன் வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் என் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான். அங்கே நான் சூப்பர்வைசர். வண்டி வந்தால் விசில் ஊதுவதும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும் வேலை.

பிரிக்கிற பெண்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் குப்பைக் கவரின் முடிச்சை அவிழ்க்க முடியாது; அதற்குள் அடுத்த வண்டி வந்து ஹாரன் அடிக்கும். அதனால் புது உறை வந்ததும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை வெட்டிவிடுவது எங்கள் ஷெட் வழக்கம். வெட்டியது யார் என்கிறீர்களா? நானேதான், ஆபீஸ் கத்தரிக்கோலால். அதிகாரி வந்தால் அவர்கள் விரலை மடக்கிக்கொண்டு நிற்பார்கள், நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதில் பெரிய சாமர்த்தியசாலி என்ற நினைப்பு வேறு.

ஒருநாள் மதியம் பீர்க்கன்கரணை மேரி அக்காவுக்கு, கவருக்குள் யாரோ போட்டிருந்த ஊசி குத்திவிட்டது. நான் வெட்டிக்கொடுத்த அதே ஆள்காட்டி விரலில். விபத்து என்று எழுதப் பதிவேட்டை எடுத்தேன். அவர் ரத்தத்தைப் பிதுக்கித் துடைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"எய்தாத சார். நாளைலேர்ந்து வராதன்னுடுவாங்க. எங்க வூட்ல வேற யாரு சார் வேலைக்குப் போறாங்க?"

எழுதவில்லை. நல்லது செய்ததாகவே நினைத்தேன். மூன்று நாள் மனசு அரித்த பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னைத்தான் திட்டினார்; குத்தியவுடனே வந்திருந்தால் நோய் தொற்றாமலிருக்க மருந்து கொடுத்திருக்கலாமாம். அன்று பார்த்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். திரும்பி வரும்போது அக்காதான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்று மாதம் ஆவதற்குள் கான்ட்ராக்ட் கைமாறி ஷெட்டையே மூடிவிட்டார்கள். அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது ஷெட் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த வாடைகூட இல்லை. அக்கா மறுபடி ரத்தம் பார்த்தாரா, நன்றாக இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. அவருக்கு ஊசி குத்தியதாக அங்கே எந்தக் காகிதத்திலும் இல்லை. கடைசி நாளன்று பதிவேட்டின் விபத்துப் பக்கத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.