எச்சில் நூல்

பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடம். இந்த நேரத்தை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. என் கைத்தொலைபேசியில் இன்றைக்கும் இருக்கிறது, தவறி அழிந்துவிடக் கூடாது என்று அதைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

பேய், செய்வினை, கண்ணூறு எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். பிள்ளை பிறந்தபோது கறுப்புப் பொட்டு வைக்கச் சொன்ன மாமியாரோடு சண்டை பிடித்தவள். பயம் இல்லாதவள் என்று சொல்லவரவில்லை, பயம் நிறைய உண்டு, ஆனால் அதெல்லாம் காய்ச்சல், வாகனம், தொண்டையில் சிக்கும் திராட்சை போன்ற நியாயமான பயங்கள். நாற்பத்திரண்டு வயதில் பிறந்த ஒரே பிள்ளை அபிரா. அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது, இன்னமும் நான் திராட்சையை நாலாக வெட்டித்தான் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறேன்.

நாங்கள் ஜேர்மனியில், வுப்பர்டாலில் இருக்கிறோம். பதினைந்து வருடம் வீட்டிலிருந்தபடியே கலியாணப் பெண்களின் சட்டைகளுக்குப் பாசிமணி வேலை செய்தேன். அந்த வேலையைப் பார்த்துத்தான் பக்கத்து நகரத்து அருங்காட்சியகம் ஒன்று தன்னுடைய சேமிப்பகத்தில், பழைய துணிப்பொருட்களைச் சீர்செய்யும் பிரிவில், எனக்கு ஒரு வருட ஒப்பந்தம் தந்தது. பெயர் சொல்லமாட்டேன், ஒப்பந்தம் இன்னும் ஓடுகிறது.

போன நவம்பரில் ஒரு சிறிய கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். கனடாவின் வடக்கே பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்கள் கல்லில் செதுக்கி, மை பூசி, தாளை மேலே வைத்துத் தேய்த்து எடுத்த அச்சுப்படங்கள் ஒரு பக்கம். தெற்கே ஆற்றோரங்களில் வாழும் மோஹாக் பழங்குடிப் பெண்கள் துணியில் தைத்த பாசிமணி வேலைகள் மறுபக்கம். இரண்டு மக்களுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருக்கிறது, மொழியும் வேறு. ஆனால் எங்களையும் தமிழ்நாட்டுக்காரரையும் பஞ்சாபிகளையும் ஒரே மேசையில் இருத்தி இந்தியர் என்று சொல்லிவிடுகிற ஊரில் அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

என் மேசைக்கு வந்தது ஒரு ஊசி குத்தி. குண்டூசி செருகி வைக்கும் சின்னத் திண்டு, உள்ளே மரத்தூள் அடைத்தது, வடிவம் குதி உயர்ந்த ஒரு சப்பாத்து. சுற்றுலா வந்த வெள்ளைக்காரருக்கு விற்பதற்காக நூறு வருடத்துக்கு முன்னர் யாரோ ஒரு மோஹாக் பெண் தைத்தது. சிவப்புத் துணியில் பாசிமணிகள் கொத்துக்கொத்தாக மேலெழுந்து நிற்கும். சப்பாத்தின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ. பூவின் நடுவில் மணிகள் விழுந்து, கபில நிறத்தில் அரை விரல் நீளத்துக்கு நூல் மட்டும் தொங்கியது. மணிகள் இப்போது விழுந்தவை அல்ல. பதிவேட்டில் ஒட்டியிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

பூச்சி இருந்தால் சாகட்டும் என்று அதைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து இரண்டு வாரம் உறைகுளிர்ப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அன்று மத்தியானம் நான்தான் உறையை வெட்டினேன். மறந்துவிடாதீர்கள், இரண்டு வாரம் உறைக்குள் இருந்தது. அபிரா அந்தக் கட்டடத்துக்குள் அதற்குமுன் காலடி வைத்ததே இல்லை.

பழைய காலத்தில் இந்த மாதிரிப் பொருட்களுக்கு ஆர்செனிக் போன்ற நஞ்சுகளைத் தூவி வைத்திருக்கிறார்கள். அதனால் கையுறை, முகக்கவசம், எதையும் வாய்க்கருகில் கொண்டுபோகக் கூடாது. என் மேலதிகாரி மார்டினா முதல்நாளே இதை எனக்கு மூன்று தரம் சொன்னார். தொங்கும் நூலைப் புதிய மெல்லிய நூலால் துணியோடு பிடித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு மணிக்குக் கனடாவிலிருந்து ஒரு மோஹாக் பெண்மணி, அவரும் பாசிமணி வேலை செய்கிறவர், பொருட்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டும். என் ஒப்பந்தத்தை நீட்டுவதா என்று அந்த வாரம்தான் மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எதிரே ஒரு இனுயிட் அச்சுப்படத்தைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று பெண்கள் குந்தியிருந்து தோல் சப்பாத்தின் அடியைப் பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள். தோல் இளகினால்தான் ஊசி இறங்குமாம், அதற்காக மெல்லுவார்களாம். படம் அழகுதான். ஆனால் யாரோ போட்டு நடக்கப்போகும் சப்பாத்தை வாய்க்குள் வைத்து எச்சில் ஊற ஊற மெல்லுவதைப் பார்க்க முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நாங்கள் சின்ன வயதில் ஒரு இனிப்பைப் பங்குபோடுவதென்றாலும் சட்டைத் துணியால் சுற்றிக் காக்காக்கடி கடித்துக் கொடுத்த ஆட்கள். மற்றவரின் எச்சில் என்றால் எனக்கு அவ்வளவு அரியண்டம்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. இரண்டு பதினேழு. நடைபாதைக்கு வந்து முகக்கவசத்தை இறக்கிப் பேசினேன். பாடசாலையின் பிற்பகல் பராமரிப்பிலிருந்து ஒரு பெண் பேசினார். அபிரா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓங்காளித்தாளாம், பிறகு வாய்க்குள் விரலை விட்டு ஒரு நூலை இழுத்தாளாம், இழுக்க இழுக்க வந்ததாம், நூலில் சின்ன மணிகள் கோத்திருந்தனவாம். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள், ஆனால் இன்னும் எதையாவது விழுங்கியிருக்கிறாளா என்று தெரியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார் அந்தப் பெண். அவருடைய குரலிலேயே அருவருப்பு இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. எங்கள் மாடியில் இருக்கும் சிவா அண்ணை டாக்சி ஓடுகிறவர், அவரைக் கூப்பிட்டுப் பிள்ளையை இங்கே கொண்டுவரச் சொன்னேன். அவர் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு தையலை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திராட்சையை நாலாக வெட்டுகிறவள் நினைத்த நினைப்பு இது.

திரும்பிவந்து உட்கார்ந்தேன். தலைக்குள் அபிராவின் தொண்டையைத் தவிர ஒன்றும் இல்லை. முகக்கவசம் நாடிக்குக் கீழே கிடந்தது, அதை ஏற்ற மறந்துவிட்டேன். புதிய நூலை எடுப்பதற்குப் பதிலாக, தொங்கிக்கொண்டிருந்த பழைய நூலின் நுனி பிரிந்து கிடப்பதைப் பார்த்து, அதை ஊசியில் கோக்கவென்று குனிந்து, வாயில் வைத்து ஈரமாக்கினேன். பதினைந்து வருடத்துக் கலியாணச் சட்டைகளில் ஆயிரம் தரம் செய்த அதே செயல். யோசித்துச் செய்யவில்லை.

காய்ந்த நூல் நாக்கில் எப்படி இருக்கும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் நாக்கில் ஒட்டும், பிறகுதான் நனையும். நம்பினால் நம்புங்கள், அந்த நூல் ஒட்டவில்லை. ஏற்கெனவே நனைந்திருந்தது. இளஞ்சூடாக, வழுவழுப்பாக, இப்போதுதான் இன்னொருவரின் வாயிலிருந்து எடுத்தது போல. புகை பிடித்த தோலின் ருசி, மரத்தூளின் ருசி, அதற்கடியில் காலையில் வாய் கொப்பளிக்காத ஒரு மனிதரின் வாய் ருசி. என்னுடையதல்லாத எச்சில் என் நாக்கின் அடியில் ஊறியது. நான் விழுங்கவில்லை, அது தானாகத் தொண்டையில் இறங்கியது.

கழிவறைக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். சவர்க்காரத்தை விரலில் தொட்டு நாக்கைத் தேய்த்தேன். ருசி போகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், என் தாடை மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது, எதையோ மெல்லுகிற மாதிரி. கையால் பிடித்து நிறுத்தினேன்.

மார்டினாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நஞ்சு ஆயிற்றே. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். நஞ்சு ஆலோசனை இலக்கத்துக்கு அடித்துக் கேட்டார். அளவு சின்னது, தண்ணீர் குடிக்கட்டும், கவனிக்கட்டும் என்றார்கள். பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எத்தனை மணிக்கு வாயில் வைத்தாய் என்று கேட்டார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்த ஞாபகம் இருந்தது, இரண்டு இருபத்தைந்து என்றேன். சொல்லும்போதே அடிவயிறு குளிர்ந்தது. ஏனென்று அந்த நிமிடம் விளங்கவில்லை.

மூன்று மணியளவில் சிவா அண்ணை அபிராவோடு வாசலுக்கு வந்தார்.

"இந்தாங்கோ தங்கச்சி, உங்கட இளவரசி. சத்தி எடுப்பாள் எண்டு வாளி ஒண்டும் வைச்சு ஓடி வந்தனான். அவள் பின்னுக்கிருந்து எனக்குப் பாதை பிழை எண்டு சொல்லிக்கொண்டு வாறாள்" என்றார்.

பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தேன். பல், நாக்கு, எல்லாம் இருந்த மாதிரியே இருந்தன. எங்கேயடி அந்த நூலை எடுத்து வாயில் வைத்தாய் என்று கேட்டேன். அவள் எடுக்கவில்லை, பாண் கடிக்கும்போது அது உள்ளே இருந்தது என்றாள். அதற்குப் பிறகு சொன்னாள்:

"அம்மா, சப்பாத்துச் சாப்பிட்ட மாதிரி இருக்கு. இன்னும் போகேல்லை."

நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. படமும் ஊசி குத்தியும் உள்ளே, இரண்டு கதவுகளுக்கு அப்பால் இருந்தன.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். வெட்டிய திராட்சைகளுக்கு மேல் ஒரு காகிதக் கைக்குட்டை, அதற்குள் அந்த நூல். பாண் துணுக்கும் கோழையும் ஒட்டியபடி ஒரு சாண் நீளம். கபில நிறம். நுனியில் நாலு மஞ்சள் பாசிமணிகள். சிவா அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு "என்ன கோதாரி இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்டினா கையுறையோடு அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய், பெருக்குக்கண்ணாடியின் கீழ் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் பார்த்தேன். அதே முறுக்கு, அதே நிறம், அறுந்த முனையும் அறுந்த முனையும் பொருந்தின. மார்டினா பெருக்குக்கண்ணாடியிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, இது நடக்க முடியாத காரியம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, படிவத்தை எடுத்து, மணிகள் சப்பாத்தை வைத்திருந்த பெட்டியின் அடியில் கிடந்து கிடைத்தன என்று எழுதினார். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் குளிர் என்னவென்று விளங்கியது. நான் நூலை வாயில் வைத்தது இரண்டு இருபத்தைந்துக்கு. பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது இரண்டு பதினேழுக்கு. அந்த அழைப்பு வராமலிருந்தால் நான் வாயில் வைத்திருக்கவே மாட்டேன். என் பிள்ளையின் வாயிலிருந்து நூல் முதலில் வந்தது, என் பிழை பிறகு வந்தது. நீங்கள் சிரிக்கலாம். நான் இதை எத்தனையோ தரம் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டேன், வரிசை மாறவில்லை.

அடுத்த நாள் குழந்தைகள் வைத்தியரிடம் போனோம். தொண்டையையும் வயிற்றையும் கதிர்ப்படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். தாய்மார் நீங்கள் கூடுதலாகப் பயப்படுகிறீர்கள் என்றார் வைத்தியர். இருக்கட்டும். இன்றைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நான் அவள் வாயைத் திறக்கச் சொல்கிறேன், நாக்கைத் தூக்கச் சொல்கிறேன், கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவுகிறேன். அவளுக்கு என்னில் கோபம், என் கணவருக்கு என் புத்தியில் சந்தேகம். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அந்த அறையில் அவர்கள் இருவரும் என்னோடு நின்றிருந்தால், நான் ஏன் தேடுகிறேன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்றைக்கு நாலு மணி பத்துக்கு அந்தக் கனடா பெண்மணி வந்து சேர்ந்தார், ரயில் தாமதமாம். ஐம்பது வயதிருக்கும், மழைச்சட்டையில் தண்ணீர் சொட்டியது. அபிரா வெளியே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் சிவா அண்ணையோடு இருந்தாள். நடந்தது எதுவும் அந்தப் பெண்மணிக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. நாலு பாசிமணிகளையும் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. பெட்டியில் கிடந்தன என்றார் மார்டினா. அந்தப் பெண்மணி கையைத் துடைத்து, கையுறை போட்டு, சப்பாத்தை மெதுவாகத் திருப்பி வைத்தார். மறுபக்கத்திலும் அதே பூ இருந்தது, முழுதாக. அதுவரை அது கீழ்ப்பக்கமாகக் கிடந்ததால் எங்களில் யாரும் அதன் மணிகளை எண்ணவில்லை. அவர் ஊசி நுனியால் காட்டி எண்ணினார். எண்ணி முடித்து, என்னைப் பார்த்துச் சிரித்துச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், என் காதில் இன்றைக்கும் அது எங்கள் தமிழில்தான் கேட்கிறது.

"இஞ்சை பாருங்கோ, நடுவில அஞ்சு. உங்களிட்ட நாலுதான் வந்திருக்கு. பறவாயில்லை, யோசிக்காதேங்கோ. இந்த நாலும் எங்கையிருந்து வந்துதோ, மற்றதும் அங்கைதான் இருக்கும். திரும்பவும் அதே இடத்தில தேடிப் பாருங்கோ."