பேங்க்காரர்கள் தலைக்கு மேல் என் தார்பாய்

எங்கள் ஊர் வாலிகண்டபுரத்துக்குப் பக்கம். சின்ன வெங்காயம்தான் எங்களுக்குப் பிழைப்பு. மாசியில் பிடுங்கியதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து வயலோரமே பட்டறை போட்டு வைப்போம். கீழே கல் பரப்பி, அதன்மேல் குச்சி அடுக்கி, சுற்றிலும் சோளத்தட்டையால் அடைத்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே தார்பாய் மூடினால் அதுதான் பட்டறை. அடுத்த நடவுக்கு விதை அதில்தான் இருக்கிறது. நனைந்தால் அழுகிப்போகும். அப்புறம் விதையை விலைக்கு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

எங்கள் பேங்க் இருப்பது பஸ் ஏறிப் போக வேண்டிய ஊரில். ஒரு கையெழுத்துக்குப் போனாலும் அன்றைய வேலை போய்விடும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பேங்க்காரர்களே ஜீப்பில் வந்து, வேப்பமரத்தடியில் மேசை போட்டு, பயிர்க்கடன் புதுப்பிக்கிற வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை அவர்கள் செய்யவேண்டும் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனியில் அப்படி வந்தார்கள். அன்று காலையில் நான் பட்டறையைத் திறந்துபோட்டு அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன், எனக்கு மூத்தார், வரப்பில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தத் தார்பாய் சும்மாதான கெடக்கு? பேங்க் சாருங்க வெயில்ல காயணுமா? குடு, சாயங்காலம் வந்துடும்."

மூத்தார் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. அவர் இல்லாத இடத்திலும் நான் பெரிதாகப் பேசிவிட மாட்டேன். மடித்துக் கொடுத்துவிட்டேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

மத்தியானம் நானும் புடவையை மாற்றிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போய்க் கடைசியில் நின்றேன். மேனேஜர் நல்ல பருமனான மனிதர். பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன வயசு ஆபீசர் பெண். அவர்கள் தலைக்கு மேலே என் தார்பாய், நான் பச்சை நூலில் ஒட்டுப் போட்டது அப்படியே தெரிந்தது. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார் மேனேஜர்.

என் முறை வருவதற்குள் பச்சைமலைப் பக்கம் கறுத்தது. குளிர்ந்த காற்று ஒன்று வந்து காகிதங்களைத் தூக்கியது. மற்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம், கோடைமழை வருகிறதே என்று. எனக்குக் கண் வயல் பக்கம் போயிற்று. பட்டறை அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. விருந்தாளி தலைக்கு மேல் இருப்பதை எப்படிப் போய்க் கேட்பது? மூத்தாரோ மேனேஜருக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் இருக்கிறார். இரண்டு தரம் முன்னால் போனேன், இரண்டு தரமும் திரும்பி வந்தேன். மூன்றாவது தரம் வாய் வரவில்லை, கைதான் போயிற்று. மரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்று ஆபீசர் பெண் எழுந்துவிட்டாள்.

"ஏ ஆத்தா, சாருங்க நனையட்டும்னு பாக்குறியா?" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். மூத்தார் முறைத்தார்.

"வெங்காயம்," என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். "என் விதை வெங்காயம் தெறந்து கெடக்குங்க. இது பட்டறை தார்பாய்ங்க."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மட்டும், "வெங்காயம்தானம்மா, நனைஞ்சா காயவச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"காயாது மேடம். அழுகி நாறிப்புடும்," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மேனேஜர் அதற்குள் எழுந்து எதிர்ப்பக்கத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கம்ப்யூட்டரையும் பேப்பரையும் ஜீப்புல போடும்மா. மத்தவங்க ஆளுக்கொரு மூலையைப் புடிங்க. எந்தப் பக்கம்மா வயலு?"

நான் முன்னால் ஓடினேன். சாமிக்குக் குடை பிடிக்கிற மாதிரி நாலு பேர் தார்பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். மேனேஜர் செருப்பில் ஒன்று வாய்க்காலிலேயே தங்கிவிட்டது. பட்டறைக்குப் போய்ச் சேரவும் பெரிய பெரிய தூற்றல் விழவும் சரியாக இருந்தது. இழுத்து மூடினோம். காற்று ஒரு மூலையைப் பிடுங்கியது, வைக்கக் கல் அகப்படவில்லை. மேனேஜர் ஒன்றும் யோசிக்காமல் அந்த மூலைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மாதிரி கல்லு ஊருல எங்க சார் கெடைக்கும்!" என்றது ஒரு குரல்.

"ஆமாய்யா, எங்க வூட்டம்மா சோறு வீண் போகல," என்றார் அவர், முகத்தில் மழை வழிய.

காலையில் பொறுக்கப் பரப்பிப்போட்டது அப்படியே கிடந்ததால் மறுகோடிக்குத் தார்பாய் எட்டவில்லை. ஆபீசர் பெண் ஓடிப்போய், மரத்தில் கட்டியிருந்த பேங்க் பேனரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதில் சிரித்துக்கொண்டு நின்ற விவசாயி குடும்பம் என் வெங்காயத்தின் மேல் படுத்துக்கொண்டது. மூத்தாரும் வந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார், என்னைப் பார்க்காமல்.

மழை விட்டபோது மேல்வாட்டில் ஒரு கூடை அளவுதான் நனைந்திருந்தது. அதைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டேன். பேங்க்காரர்கள் சொட்டச் சொட்ட ஜீப்பில் ஏறினார்கள். அவர்களுக்கு அன்றைய வேலை பாதியில் போச்சு. கும்பிடு போடக்கூட எனக்குத் தோன்றவில்லை, பட்டறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுவாரம் மிச்ச வேலைக்குத் திரும்பி வந்தார்கள். ஜீப்பின் மேலே அவர்களே ஒரு தார்பாயைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேனேஜர் இறங்கினதும் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"என்னம்மா, பட்டறை மூடியிருக்கா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. மூத்தாரும்தான்.

"மூடிட்டேன் சார்," என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "நீங்க நல்லா இருக்கணும்."

அந்த விதைதான் அந்த வருஷம் என் வயலில் நட்டது. மேனேஜர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பேனரை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. வருஷா வருஷம் தார்பாய்க்கு அடியில் அதையும் விரித்துத்தான் பட்டறையை மூடுகிறேன்.