குரங்குக் குடும்பத்துக்கு எதிரே

கல்லைப் பார்க்க ஒரு நாள் தொழிலை விடுவதா என்று காசிமேட்டிலேயே கத்திய என் வீட்டுக்காரர், மாமல்லபுரம் வந்த பிறகும் என்னோடு பேசவில்லை. தள்ளியே நிற்கிறார். நான் அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில், கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பெண் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. ஆண் குரங்கு பின்னால் உட்கார்ந்து அதற்குப் பேன் பார்க்கிறது.

பாசிமணி விற்கும் உள்ளூர் அம்மா என்னிடம், "இந்த ஊர்ல பொண்டாட்டியைத் தாங்குற ஒரே ஆம்பளை இதுதாம்மா" என்கிறார். நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

தள்ளி நின்ற வீட்டுக்காரருக்கும் கேட்டுவிட்டது. மெல்ல வந்து என் பின்னால் குந்துகிறார். "இன்னாமே, கொரங்கப் பாத்துச் சிரிச்சினுகீற? தலையக் காட்டு, நானும் பேன் பாக்கறேன்."

சுற்றி நின்ற கூட்டம் சிரிக்கிறது. வெட்கத்தில் அவர் கையைத் தட்டிவிடுகிறேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.