மாமனார் குடித்த நீர்க்கட்டிப் பவுடர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு மாத்திரைப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் நல்ல கூட்டத்தில் நைனார்பாளையத்து ராசாத்தியம்மாள் காலி டப்பாவை டொக்கென்று கவுண்டரில் வைத்தார். பின்னால் மருமகள் சுகன்யா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. அதற்கு டாக்டர் எழுதியபடி ஆரஞ்சு வாசனை இனோசிட்டால் பவுடரை இரண்டு வாரம் முன்புதான் கொடுத்திருந்தேன்.

"இன்னா பவுடரும்மா குடுத்த? டப்பா காலி. இவளுக்கு இன்னும் ஒழுங்கா மாசம் வரல. அடுத்த டப்பாவும் கேக்கலன்னா அம்மா வூட்டுக்கே போயி வைத்தியம் பாத்துக்கன்னு சொல்லிட்டேன்."

சுகன்யாவின் கண் கலங்கியது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் ஒரு மாதத்து டப்பா அதற்குள் எப்படித் தீர்ந்தது?

"எப்படிக் கலக்கித் தரீங்க?"

"சொம்புலதான். எங்க வூட்டுக்காரருக்கு ஒரு டம்ளர், பையனுக்கு ஒரு டம்ளர். சத்துப் பவுடராச்சே, ஆம்பளங்களுக்குக் குடுக்காம இவளுக்கு மட்டும் எப்படிக் குடுக்கறது?"

"சுகன்யாவுக்கு?"

"அவ எப்பவும் கடைசிலதான. மிச்சமிருந்தா சொம்ப அலசிக் குடிச்சிக்குவா."

வரிசையில் நின்றவர் இருமுவதுபோல் சிரித்தார்.

"ஐயாவுக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"முட்டி வலி கம்மியாயிருக்குன்னாரு."

"சந்தோசம். ஆனா நீர்க்கட்டி அவருக்கில்லீங்களே."

ராசாத்தியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

புது டப்பாவைச் சுகன்யா கையிலேயே கொடுத்தேன். "இது சிலருக்குக் கொஞ்சம் உதவும், சிலருக்கு உதவாது. டாக்டரே உறுதியாச் சொல்ல மாட்டாரு. சாப்பாடும் நடையும்தான் முதல்ல. குடிக்காத மருந்துக்காக இவள அம்மா வூட்டுக்கு அனுப்பாதீங்க."

சில மாதம் கழித்துச் சுகன்யா மட்டும் கடைக்குள் வந்தாள். மாதவிடாய் ஓரளவு ஒழுங்காகியிருந்தது. பவுடரா, நடையா, சாப்பாடா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அம்மா வீட்டுப் பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது.

"மாமியார் எங்கம்மா?"

"வெளிய ஒக்காந்துக்கினு இருக்காங்க. தினமும் ஏரிக்கரை வரைக்கும் எங்கூட நடக்கறாங்க. இப்ப முட்டி வலி அவங்களுக்கு. தைலம் குடுங்க."

அன்று மனம் விட்டுச் சிரித்தேன். இன்றும் யாராவது, "இந்தச் சத்துப் பவுடர் கேக்குமா மேடம்?" என்றால், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்பேன்: "வூட்ல யாரு குடிக்கப் போறாங்க?"