வாயில் பிள்ளை சுமப்பவன்

செருப்பை வாசலிலேயே விட்டு, வளையல்களைக் கழற்றி இடுப்புக் கச்சையில் செருகி, வெளியே நின்று ஒருமுறை நன்றாக இருமித் தீர்த்துவிட்டுத்தான் ரஸ்மினி தொட்டிக் கொட்டகைக்குள் நுழைவாள். பின்னால் யார் வந்தாலும் திரும்பி ஒரே பேச்சுத்தான்: “மெதுவா வா. வாயில புள்ள இருக்கு.”

பங்காய் மீனில் ஆண்தான் பிள்ளை சுமக்கும். பெண் இட்ட முட்டைகளை வாய்க்குள் வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் இரை தொடாமல் தாடை புடைக்க நிற்கும். மிரண்டால் துப்பிவிடும், அல்லது விழுங்கிவிடும். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை, துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அந்த அழகுக்காகவே இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவுக் கடலில் அதை வாரி வாரி எடுத்து வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்கு அனுப்பினார்கள். ரஸ்மினியின் ஊர் இருக்கும் வடக்கு பாலியிலிருந்து அங்கே படகேறிப் போனவர்களில் அவள் கணவன் நெங்காவும் ஒருவன். ஆழத்தில் முக்குளித்தவன் ஒருநாள் அவசரமாக மேலேறியதில் இடது கால் பாதி செத்துப்போயிற்று. அதன்பிறகுதான் அதே மீனை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்து விற்கலாமென்று ரஸ்மினி இறங்கினாள்.

கடலில் இந்த மீன், உருண்டை உடம்பெல்லாம் முள்ளாகத் தரையில் கிடக்கும் கடல் முள்ளிகளின் நீண்ட முட்களுக்கிடையே ஒளியும். தொட்டிக்கு முள்ளி வேண்டுமே! துடைப்பத்தின் கறுப்பு இழைகளை சிமெண்ட் உருண்டையில் குத்தி ரஸ்மினியே செய்துகொண்டாள். “துடைப்பத்த நட்டு மீன் அறுவடை பண்ணப் போறியா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். “உங்க வீட்டுத் துடைப்பம் ஒழுங்காப் பெருக்கவே பெருக்காது. எங்க வீட்டுது குடித்தனமே நடத்துது, பாரு!” என்றாள் ரஸ்மினி. நெங்காவின் செல்லச் சண்டைச் சேவல்கூட, அதிகாலையில் கூவிய குற்றத்துக்காக அவன் அண்ணன் வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு முறை தோற்றுப்போனாள். ஒருமுறை யாரோ பையனின் மோட்டார் சைக்கிள் உறுமலில் மீன் முட்டைகளைத் துப்பிவிட்டது. இன்னொரு முறை நெங்காவின் கையிலிருந்து நழுவிய வாளி. அப்போதுதான் அவன் சொன்னான்: “அடுத்த தடவையும் ஒண்ணும் வரலேன்னா நான் படகுக்குப் போறேன், ரஸ்மினி. நீஞ்சறதுக்கு ஒரு கால் போதும்.”

மூன்றாம் முறை ஆண் மீன் முட்டைகளை வாங்கிக்கொண்ட சமயத்தில் நியெபி வந்தது. ஊரே விளக்கணைத்து, அடுப்பு மூட்டாமல், வாய் மூடி வீட்டுக்குள் இருக்கும் நாள். ரஸ்மினிக்கு அதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது. ஆனால் முந்தின சாயங்காலம் இருக்கிறதே! பூத உருவத்தை மூங்கில் மேடையில் தூக்கிக்கொண்டு, மேளமும் தாளமும் காதைப் பிளக்க, தெருத் தெருவாகக் கெட்டதை விரட்டும் பொழுது அது.

இளைஞர் கூட்டத்தின் தலைவன் தர்மாஜா, பூதத்தின் கோரைப் பல்லுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். ரஸ்மினி போய் நின்றாள்.

“எங்க சந்துல மட்டும் மேளம் வேணாம்பா.”

“சத்தம் போடலேன்னா பூதம் எப்பிடிக்கா போகும்? உங்க வீட்லயே தங்கிடும்.”

“தங்கட்டும். ஏற்கெனவே எனக்குத் தாலி கட்டின ஒண்ணு வேளைக்கு மூணு தட்டு சோறு திங்குது. அதோட இதுவும் இருந்துட்டுப் போகுது.”

சுற்றியிருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்மாஜா சிரிக்கவில்லை. “ஒரு மீனுக்காக ஊரு முறைய மாத்தச் சொல்றீங்களாக்கா?”

“மீனுக்காக இல்லடா. அது துப்பிடுச்சுன்னா என் வீட்டுக்காரர் மறுபடி தண்ணிக்குள்ள எறங்கிடுவாரு.”

கேலி இல்லாமல் அவள் பேசி அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. தர்மாஜா பல்லுக்குச் சாயம் பூசுவதைத் தொடர்ந்தான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் நனைத்துக் கொட்டகைச் சன்னல்களில் தொங்கவிட்டு, வெளியே கதவை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றாள். மேளம் நெருங்க நெருங்க முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது. சந்து முனைக்கு வந்ததும் மேளம் சட்டென்று நின்றது.

பிறகு வெறும் காலடிச் சத்தம். மூங்கில் முனகியது. சுமப்பவர்கள் மூச்சு வாங்கினார்கள். மதிலுக்கு மேலே பூதத்தின் சிவந்த நாக்கு மெல்ல நகர்ந்து போயிற்று. தாளத் தட்டுகள் உரசிக்கொள்ளாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான் தர்மாஜா. சந்து கடந்ததுதான் தாமதம், அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து இரண்டு பங்காக முழக்கினார்கள்.

ரஸ்மினி உள்ளே ஓடிப் பார்த்தாள். துடைப்ப முள்ளிக்குள் ஆண் மீன் அசையாமல் நின்றது. தாடை புடைத்தபடியே இருந்தது.

நியெபி கழிந்து சில வாரத்தில் அது வாய் திறந்தது. பட்டையும் புள்ளியுமாக, அப்பனை அச்சில் வார்த்தாற்போல், பொடிப் பொடி மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து முட்களுக்குள் புகுந்தன. நெங்கா கண்ணாடியில் நெற்றி பதியக் குனிந்து நின்றான்.

“எத்தனை இருக்கும்?”

“எண்ணாதீங்க. கண்ணு படும்.”

மறுநாள் தொட்டியின் அடியில் கசடு சேர்ந்திருந்தது; குஞ்சுகளைக் கலைக்காமல் அதை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் வேண்டும். நெங்கா காலை இழுத்து இழுத்துப் பின்கட்டுக்குப் போனான். முக்குளிக்கும்போது மூச்சுக்காகப் பல்லில் கடித்துக்கொள்ளும் மஞ்சள் குழாய் அங்கே ஆணியில் சுருண்டு தொங்கியது. அதில் இரண்டு முழம் கத்தியால் அறுத்துக் கொண்டுவந்தான். ஒரு முனையைத் தொட்டிக்குள் பதமாக இறக்கிவிட்டு, மறு முனையை நீட்டினான்.

ரஸ்மினி அதை வாயில் வைத்து உறிஞ்சினாள். உப்புத் தண்ணீர் நாக்கில் பட்டதும் துப்பிவிட்டு, குழாயை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தாள்.